இரண்டாம் தரமும் பார்க்கலாம்: வகைக்கு ஒன்றாகச் சில படங்கள்

வெள்ளிக்கிழமை புதுப் படத்துக்குப் போவதென்றால் கொழும்பில் யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. சுவரொட்டியும் வட்ஸ்அப்பும் அந்த வேலையைச் செய்துவிடும். கஷ்டம் வருவது போயா விடுமுறைக்கு முந்திய இரவில்தான். அம்மம்மா முதல் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை வரை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ரிமோட் கைமாறிக்கொண்டே இருக்கும். எதைப் பார்ப்பதென்று தேடியே முக்கால் மணித்தியாலம் போய்விடும். கீழே வரும் படங்கள் அந்த நேரத்துக்கானவை. தெரிவு செய்ய வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று: முடிவு தெரிந்த பிறகும் இன்னொரு தரம் உட்கார்ந்து பார்க்க முடிகிறதா? கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு, பகிடி மனப்பாடமான பிறகு, பேய் எங்கே நிற்கிறதென்று தெரிந்த பிறகும் படம் தாங்க வேண்டும். புகழ்பெற்ற படங்கள் பல இதில் தோற்றுவிடுகின்றன.

முதலில் தோற்கக்கூடிய வகை மர்மப் படம் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவிஎம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்', வந்து எழுபது வருடம் கடந்தும் தளரவில்லை. வெடிச் சத்தம் கேட்கிறது, சிவாஜி கணேசன் விழுந்து சாகிறார், அதற்குப் பிறகுதான் படமே ஆரம்பிக்கிறது. காலம் 1943 ஒக்டோபர், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். இறந்தவர் ஒரு வானொலிப் பொறியியலாளர். மனைவி, சகோதரன், சகோதரனின் மனைவி, அயல்வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரையும் சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் விசாரிக்க, ஒவ்வொருவரும் இன்னொருவர் பக்கம் விரலை நீட்டுகிறார்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்துக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது, அதே ஐம்பதுகளின் வேறு நாலு படங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

முதல் தரம் பார்க்கும்போது சுட்டது யார் என்றே தேடுவோம். இரண்டாம் தரம், கதை சொல்பவரின் முகத்தைப் பாருங்கள். ஒரே மனிதர் ஐந்து பேருடைய வாயில் ஐந்து விதமாக வருகிறார், சிவாஜி அந்த ஐந்தையும் தனித்தனியாக நடித்திருக்கிறார். பண்டரிபாய் பேசாமல் நிற்கும் இடங்கள் முழுவதும் அப்போது வேறு பொருள் கொள்ளும்.

இந்தப் படத்தைக் கெடுப்பது நம்முடைய தொலைக்காட்சிதான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டம் (ஃபிரேம்) ஏறத்தாழச் சதுரம், நாலுக்கு மூன்று. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. வெறுமையாகக் கிடக்கும் இரண்டு பக்கத்தையும் நிரப்ப டிவி படத்தை இழுக்கும்போது முகங்கள் எல்லாம் கொழுத்துவிடும். படச் சட்டக அமைப்பில் நாலுக்கு மூன்று அல்லது 'ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்யுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி. யூடியூப்பில் வேறொரு தொல்லை உண்டு. சிலர் திரையை நிரப்புவதற்காகப் படத்தின் மேலையும் கீழையும் வெட்டிவிட்டுப் பதிவேற்றுகிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, ஆரம்பத்தில் ஓடும் பெயர்களைப் பார்ப்பது. மேல் வரியோ கீழ் வரியோ அறுந்திருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். இன்னொன்று, 'அந்த நாள்' நிழலை நம்பி எடுத்த படம். இருட்டாக இருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, நிழலில் நிற்பவர் யாரென்ற பயமே போய்விடும். கூட்டுவதை விட அறை விளக்கை அணைப்பது நல்லது.

பேய்ப் படங்களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து ஃபிளாட்காரர்களுக்கென்றே எடுத்தது போல ஒன்று இருக்கிறது: விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009). மாதவனின் கூட்டுக் குடும்பம் பதின்மூன்றாம் மாடியில் புது வீட்டுக்குக் குடிவருகிறது. லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, அவருக்கு மட்டும் செய்யவில்லை. வீட்டுப் பெண்கள் பார்க்கும் மத்தியானத் தொடர் நாடகத்தில் நடப்பதெல்லாம் பிறகு அந்த வீட்டிலேயே நடக்கிறது. பேய்ப் படங்கள் வழக்கமாக இருட்டையும் திடீர்ச் சத்தத்தையும் வைத்தே பயம் காட்டும், அது ஒரு தரம்தான் பலிக்கும். இங்கே பயம் பட்டப் பகலில், சமையலறையில், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். நாடகத்துக்கும் வீட்டுக்கும் அவர் வைத்திருக்கும் ஒற்றுமைகளை எண்ணிக்கொண்டு போவதுதான் இரண்டாம் தரத்தின் சுகம். கடைசி அரைமணித்தியாலம் கொஞ்சம் அவசரப்படுகிறது, அதை மன்னிக்கலாம். தனியாக இருக்கும் இரவில் வேண்டாம்.

நகைச்சுவைக்கு வந்தால் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல்ஹாசனுக்கு நாலு வேடம். நாலு வேடம் என்றால் ஒப்பனையை மாற்றிக்கொண்டு வருவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காதைக் கொடுத்துக் கேட்டால் நாலு பேரும் நாலு விதமாகக் கதைப்பது தெரியும். சமையல்காரக் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழும் மதனின் ஆங்கிலம் கலந்த பேச்சும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை நம்பச் சற்று நேரம் எடுக்கும். கிரேசி மோகனின் வசனத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும், பதில் சொல்பவர் தவறான பொருளைப் பிடித்துக்கொள்வார், அந்தத் தவறிலிருந்து அடுத்த பகிடி முளைக்கும். ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். அதனால்தான் பத்துத் தரம் பார்த்தவர்களும் புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழும் காட்சியில் டெல்லி கணேஷின் முகத்தையும் விட்டுவிடாதீர்கள். உபதலைப்போடு சிங்கள நண்பர்களுக்குப் போட்டுக் காட்ட ஏற்ற படம் இதுவல்ல, சொல் விளையாட்டு மொழிபெயர்ப்பில் தேறாது. தொலைக்காட்சி அலைவரிசைகள் நேரத்துக்காக வெட்டும் பிரதியையும் நம்ப வேண்டாம். இந்தக் கதையில் ஆள்மாறாட்டம் ஒன்றை வெட்டினால் அடுத்த இரண்டும் விளங்காது.

கலப்புக் கூட்டத்துக்கு, மொழி அரைகுறையாகத் தெரிந்த வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் உட்பட, ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) பொருந்தும். நாகேஷ் பேய்க்கதை சொல்ல டி.எஸ். பாலையா கேட்கும் காட்சியில் சொல்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த தரம் கேட்பவரை மட்டும் பாருங்கள். பாலையா அந்தக் காட்சியில் பேசுவது குறைவு, ஆனால் பயத்தின் படிகள் ஒவ்வொன்றும் அந்த முகத்தில் ஏறுகின்றன.

வழக்கு, விசாரணை, வாதம் இவற்றில் ருசி உள்ளவர்களுக்கு 1957இல் சிட்னி லூமெட் எடுத்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்'. நீளம் 96 நிமிடம். அநேகமாக முழுப் படமும் ஒரே அறையில். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு ஜூரிகள் முடிவெடுக்க வேண்டும். முதல் வாக்கில் பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். இலங்கையில் பார்ப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் படத்தின் இறுக்கம் கூடும். இங்கே மேல் நீதிமன்ற ஜூரியில் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். படத்தில் பன்னிரண்டு பேரும் ஒருமித்தாக வேண்டும். ஒரே ஒரு ஆள் மறுத்தாலும் தீர்ப்பு நின்றுவிடும் என்ற சட்டம்தான் கதையைத் தூக்கி நிறுத்துகிறது. நம்முடைய கணக்கில் அந்தப் பையனின் கதை முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்திருக்கும்.

ஒரு அறைக்குள் ஒன்றரை மணித்தியாலம் எப்படிச் சலிப்பில்லாமல் போகிறது என்பதை இரண்டாம் தரம் கவனித்தால் லூமெட்டின் கைவேலை தெரியும். முதல் மூன்றில் ஒரு பங்கில் கமரா கண் மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. நடுப்பங்கில் கண் மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பங்கில் கீழிருந்து மேலே பார்க்கிறது, அதனால் அதுவரை தெரியாத கூரை தலைக்கு மேல் வந்து அமுக்குகிறது. கூடவே, போகப்போக நீண்ட லென்ஸ்களாக மாற்றிக்கொண்டு போகிறார். அதனால் சுவர்கள் மனிதர்களின் முதுகை நெருங்குவது போலிருக்கும். அறை ஒரு அங்குலமும் சிறுக்கவில்லை, நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. வேலை செய்யாத மின்விசிறியும், வெளியே சேரும் மழையும் அந்தப் புழுக்கத்தோடு சேர்ந்தவை. ஏப்ரல் மாதக் கொழும்பில் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தப் படத்துக்கு இடைவேளை விடாதீர்கள். தேநீரை முன்பே ஊற்றி வையுங்கள்.

இசைப் படம் என்றால் பாட்டு நிறைந்த படம் என்று எடுத்துக்கொள்ளாமல், இசைக்காரர்களைப் பற்றிய படமாகத் தேடினால் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) தனியாக நிற்கிறது. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. நாதஸ்வரம் வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் ஊதுவது சிவாஜி. கன்னம் உப்புவது, மூச்சை எடுக்கும் இடம், விரல் எழுந்து விழும் வேகம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கொழும்புக் கோயில்களில் திருவிழா மேளச்சமா கேட்டு வளர்ந்தவர்கள் பிழை பிடிக்கவே உட்காருவார்கள், பிடிப்பது கஷ்டம். தவில்காரராக வரும் பாலையாவும், ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவும், வைத்தியாக வரும் நாகேஷும் ஆளுக்கொரு படத்துக்குப் போதுமானவர்கள். நீளம் கூடிய படம், ஒரே இருப்பில் முடிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் டிவியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். நாதஸ்வரத்தின் அடிநாதம் அதில் தங்காது, கீச்சென்ற மேல்பகுதி மட்டும் வரும். சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வயரில் இணைத்தாலே வித்தியாசம் தெரியும். புளூடூத்தில் இணைத்தால் சில கருவிகளில் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும், விரலும் ஒலியும் ஒட்டாது. இந்தப் படத்துக்கு அது கொலை.

காதலுக்கு '96' (2018). பாடசாலைக் காலத்துக்குப் பிறகு ராமும் ஜானுவும் சந்திக்கும் ஒரே இரவு. ஜானு பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் பழைய பாட்டுக்களும், கேட்கக் கேட்க அவள் பாடாமல் தள்ளிவைக்கும் அந்த ஒரு பாட்டும்தான் படத்தின் முதுகெலும்பு. முதல் அரைமணித்தியாலத்தில் பொறுமை வேண்டும். அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

இனி நம் நாட்டுப் படங்கள். கொழும்புத் தமிழ்ப் பார்வையாளர்கள் பலர் கோடம்பாக்கத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் அறிவார்கள், பௌத்தாலோக மாவத்தையில் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபம் இருப்பதை அறியமாட்டார்கள். அது பெரிய இழப்பு. சிங்களம் ஓரளவு விளங்கும் எவருக்கும் இயக்குநர் பிரசன்ன விதானகேயின் படங்கள் கட்டாயம். 1997இல் அவர் எடுத்த 'புரஹந்த களுவர' 75 நிமிடம்தான். போரில் இறந்த மகனின் பெட்டி மூடி முத்திரையிடப்பட்டு வீட்டுக்கு வருகிறது. கண் தெரியாத தகப்பன், உள்ளே மகன்தான் இருக்கிறானா என்று நம்ப மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடிக்கிறார் என்று சொல்வது போதாது. கைத்தடி தரையைத் தொடும் சத்தத்திலேயே அந்த மனிதரின் பிடிவாதம் கேட்கிறது. 2000இல் தடை செய்யப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் திரைக்கு வந்தது. வசனம் மிகக் குறைவு என்பதால் மொழி தடையாக இருக்காது. வேகமாக ஓடும் படங்களுக்குப் பழகியவர்கள் முதல் பதினைந்து நிமிடத்தில் கைத்தொலைபேசியை எடுப்பார்கள். அதைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருவதே ஒரே வழி.

அதே விதானகேயின் 'ஒப நாத்துவ ஒப எக்க' (2012) தஸ்தயெவ்ஸ்கியின் கதையொன்றை மலைநாட்டு அடகுக் கடைக்குக் கொண்டுவந்தது. கடைக்காரர் சிங்களவர், நகையை அடகு வைக்க வரும் பெண் வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண். அஞ்சலி பாட்டில் அந்தப் பெண்ணாக வருகிறார். இருவருக்கும் இடையே காதலும் இருக்கிறது, பேசப்படாத போரும் இருக்கிறது. மறுமுறை பார்க்கும்போது கடைக்காரர் எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் டிவியைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அசோக ஹந்தகம தமிழிலேயே எடுத்த 'இனி அவன்' (2012), போர் முடிந்த பின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. மறைந்த தர்ஷன் தர்மராஜின் உடம்பு முழுவதும் அந்தத் தயக்கம் தெரிகிறது. படத்தின் இரண்டாம் பாதி வேறொரு பாதைக்குத் திரும்புவது பலருக்குப் பிடிப்பதில்லை. அந்தத் திருப்பம்தான் இயக்குநர் சொல்ல வந்தது என்பது என் எண்ணம்: ஊர் ஒதுக்கியவனுக்கு வேலை கொடுக்க முதலில் வருபவர்கள் யார் என்ற கேள்வி.

சிரித்துக்கொண்டே நெஞ்சு கனக்க வேண்டுமா, 'மச்சான்' (2008) பாருங்கள். 2004இல் இலங்கையின் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு ஜேர்மனிக்குப் போன 23 பேர் அங்கே மாயமானார்கள். அப்படி ஒரு தேசிய அணியே நாட்டில் இருக்கவில்லை. உபெர்ட்டோ பஸோலினி அதைக் கொழும்பின் தோட்டங்களிலும் சந்துகளிலும் வைத்து எடுத்தார். விசா நிராகரிப்பு, கடன், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் பொய்க் கடிதம் எல்லாம் நாம் அறிந்தவை. கடைசி அரைமணித்தியாலத்தின் விளையாட்டுப் போட்டியை மட்டும் பார்த்துச் சிரித்தவர்கள், அடுத்த தரம் போவோமா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் தயங்கும் காட்சிகளில் நிற்பார்கள்.

வன்முறையின் எடை தெரிய வேண்டிய வயதினருக்கு வெற்றிமாறனின் 'விசாரணை' (2016). கோயம்புத்தூர் ஓட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் சிறை அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வந்தது. ஆந்திரப் பொலிஸ் நிலையக் காட்சிகளில் தெலுங்குக்கு உபதலைப்பு வேண்டாம், அணைத்துவிடுங்கள். அடிக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது அடிவாங்கும் பையன்களுக்கும் விளங்கவில்லை, அந்த விளங்காமைதான் காட்சியின் பயங்கரம். பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ரன் ஒஃப் ஹெவன்' (1997), 89 நிமிடம். தங்கையின் சப்பாத்தைத் தொலைத்த அண்ணன், ஒரே சோடியை இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். பேச்சு கொஞ்சம்தான், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். முடிவுக்குச் சற்று முன் தகப்பனின் சைக்கிள் ஒரு கணம் வந்து போகிறது. அதில் என்ன கட்டியிருக்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். பெரியவர்கள் பலர் அதைத் தவறவிட்டுவிட்டு, படம் சோகமாக முடிந்ததாகச் சொல்வார்கள்.

போடுவதற்கு முன் இரண்டு விஷயம். புதிய டிவிகளில் அசைவை வழுக்கலாக்கும் ஒரு அமைப்பு இருக்கும், 'மோஷன்' என்று தொடங்கும் பெயரில். நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தின் நடுவே இல்லாத சட்டங்களை அது தானாகச் செருகுவதால், நல்ல படமும் தொடர் நாடகம் போலத் தெரியும். அதை அணையுங்கள். இரண்டாவது, தரவு. எச்டி தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி, சாதாரணத் தரத்தில் 1 ஜிபி. இரண்டரை மணித்தியாலப் படத்தை எச்டியில் பார்த்தால் ஏழரை ஜிபி போய்விடும். பக்கேஜ் முடியும் தறுவாயில் இருந்தால் பழைய படங்களைச் சாதாரணத் தரத்தில் பாருங்கள். மூலப் பிரதியே அவ்வளவு தெளிவில்லாதவற்றுக்கு எச்டியால் லாபமில்லை.

அப்படித் தெளிவில்லாத ஒரு பிரதியில்தான் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இன்று கிடைக்கிறது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் எடுத்த இந்தப் படத்தின் நெகட்டிவே எஞ்சவில்லை என்று அவரே வருந்தியிருக்கிறார். நிறம் மங்கியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லப்பட்ட ஒரு பெண், சிறிய காணித் துண்டில் வீடு கட்டப் புறப்படுகிறாள். வங்கிக் கடன், வரைபட அனுமதி, கையூட்டு, முற்பணம் வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கும் ஒப்பந்தக்காரர், குறையும் சீமெந்து. வத்தளையிலோ தெகிவளையிலோ காணி வாங்கி அத்திவாரம் போட நினைப்பவர்கள் கையில் கொப்பியோடு பார்க்கலாம், எங்கே காசு கசியும் என்பது வரிசையாக வருகிறது. அந்தப் பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. பாட்டு இல்லை, பின்னணியில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு மட்டும் வருகிறது. சொக்கலிங்க பாகவதர் நடிக்கும் தாத்தா, அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாக வந்து, பூசாத சுவர்களைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கும் காட்சி வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். முதல் தரம் அது ஒரு கிழவரின் சந்தோசமாக மட்டும் தெரியும்.